சவுந்தரம் என்னும் பெயருடையோர்

ஒரே பெயருடைய இருவரை ஒருவராகக் கொள்வது பெயர்க் களஞ்சியத்தில் பொறுக்கத் தகாத பிழை. பதிப்பு விதிகளுள் ஒன்பதாவதாக இதை எழுதியவன் நான். பத்தாவது விதியும் என்னுடையதே: அச்சேறிய சான்று இரண்டு இல்லாத செய்தி எதுவும் களஞ்சியத்துள் புகலாகாது.

பினாங்குத் தமிழ்ப் பெயர்க் களஞ்சியத்தின் முதற்பதிப்பு 2004ஆம் ஆண்டு வெளிவந்தது. இத்தீவிலும் எதிர்க்கரையிலும் தமிழ்ப் பெயர் தாங்கிய ஆட்கள், தெருக்கள், கடைகள், கழகங்கள், கல்வித்துறைகள் ஆகியவற்றை அகரவரிசையில் தொகுத்த நூல் அது. ஜார்ஜ் டவுனில், எங்கள் சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில், ஒற்றை மின்விசிறியின்கீழ் அதற்காகப் பதினோராண்டு உழைத்தேன். வேலை முறை எளியது. ஒரு பெயருக்கு ஒரு காக்கி உறை. அப்பெயர் அச்சில் எங்கே தென்பட்டாலும் அந்தத் துண்டு அந்த உறைக்குள் போகும். உறை பருத்ததும் மேசைமேல் கொட்டி, இது இன்னாருடையது, இது மற்றொருவருடையது எனப் பிரித்து எண்ணிட வேண்டும். எண்வரிசையின் முடிவில் எல்லாப் பதிவுக்கும் பொதுவாக ஒரு வாக்கியம் வரும்: ‘மேற்கண்டோர் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்.’

சவுந்தரம் என்னும் பதிவு எனக்குப் பெருமை தந்த பதிவுகளுள் ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும், இந்துவுக்கும் கத்தோலிக்கருக்கும் பொருந்தும் பெயர் அது. எதிர்க்கரைப் பாகான் டாலாமில் ஒரு சந்து; அச்சந்துக்குச் சிறிதும் தொடர்பில்லாத ஒரு காப்பித்தூள் ஆலை; போருக்கு முன்பு வாழ்ந்த ஒரு மருத்துவச்சி; மாநிலத்துக்காகப் பந்தாடிய ஒருவர்; ஒரு நாடகக் குழு. இவை ஐந்து. ஆறாவது, செபாஸ்டியன் சவுந்தரம்: மாதா கோவில் பாடகர் குழுவை நடத்தியவர், பள்ளியாசிரியர், 1987இல் மறைந்தவர். அவருடைய பதிவின் கடைசி வரி இது: ‘பினாங்கு மலைப் பெரணிகளை வகைப்படுத்தும் சவுந்தரம் முறை இவர் வகுத்தது.’ பெரணி பூக்காத செடி. இலையின் அடியில் தூள்புள்ளிகளைக் கொண்டு பெருகுவது. அம்முறை இன்று கல்லூரியில் தனிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

சென்ற ஆண்டு மார்ச்சு மாதத்தில் தனுஜா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நகரத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் தாவரவியல் விரிவுரையாளர்.

“சார், மே பதினெட்டு எங்க புது ரூம் ஓப்பனிங். காய வச்ச செடியெல்லாம் பத்திரமா வைக்கிற ரூம். செபாஸ்டியன் சவுந்தரம் அறைன்னு பேரு. இன்விடேஷன்ல உங்க புக்குல உள்ள வரியத்தான் அப்படியே போடுறோம்.”

மகிழ்ச்சி தெரிவித்தேன்.

“அதுல ஒரு சிக்கல் சார். ஆயர் ஈத்தாம்லேருந்து ஒரு அம்மா கூப்பிட்டாங்க. அவங்ககிட்ட பதினாலு பெட்டி பெரணி இருக்காம். ஃப்ரீயாவே தர்றேன்றாங்க. நல்லதுதான்லா. ஆனா அந்த முறையே அவங்க போட்டதாம். அவங்க பேரும் சவுந்தரமாம்.”

“வேற ஆளா இருக்கும்.”

“அதத்தான் நீங்க ஒரு லெட்டர்ல எழுதிக் குடுக்கணும். யாரோட கலெக்‌ஷன்னு தெரியாம மேனேஜ்மென்ட் பெட்டிய உள்ள விட மாட்டாங்க. ஏப்ரல் முப்பது அவங்க வீட்டக் காலி பண்றாங்களாம். அதுக்குள்ள வேணும் சார்.”

ஆயர் ஈத்தாமிலிருந்து சவுந்தரம் என்னும் ஒருவர் எனக்கு முன்பே ஒருமுறை எழுதியிருந்தார். 2005ஆம் ஆண்டு. நான் நான்கு வரியில் விடையளித்தது நினைவிருந்தது. அவர் என்ன எழுதினார் என்பது நினைவில் இல்லை.

மறுநாட்காலை பேருந்தில் போனேன். சந்தையைத் தாண்டி, மலையடிவாரத்து அடுக்குமாடி, ஒன்பதாம் மாடி. கதவைத் திறந்தவருக்கு எழுபத்தெட்டு வயது. நரைத்த முடியைக் காதளவு வெட்டியிருந்தார். ஆண்கள் அணியும் கட்டம்போட்ட சட்டை. அதன் பையில் ஒரு பென்சில்.

“கார்த்திகேசு சார்தானே? உள்ள வாங்க. செருப்பக் கழட்ட வேணாம், வீடு காலியாகப் போற வீடு.”

கூடத்தில் நாற்காலி ஒன்றே இருந்தது. அதை எனக்குக் கொடுத்துவிட்டுத் தாம் ஒரு பெட்டியின்மேல் அமர்ந்தார். சுவரோரம் பால்மாவு அட்டைப்பெட்டிகள் பதினான்கு, எண்ணிடப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன.

“எத்தனாவது சவுந்தரத்தப் பாக்க வந்தீங்க?” என்று கேட்டார்.

நான் பையிலிருந்து சவுந்தரம் உறையை எடுத்து மடியில் வைத்தேன்.

“அஞ்சு பேரப் படிச்சேன் உங்க புக்குல. ஆறாவது ஆளப் படிச்சதும் சிரிப்பு வந்துருச்சு. நான் மலையில ஒரு நாளும் பாக்காத மனுஷன், செத்தப்புறம் மல ஏறியிருக்காரு.”

அவர் வரலாறு நீண்டதன்று. பைராம் தோட்டத்தில் பிறந்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தார். இருபது வயதில் தீவுக்கு வந்து, மலைப் பெரணிகளை ஆராய்ந்த வெளிநாட்டார் ஒருவரிடம் செடி பறித்து, அமுக்கி, உலர்த்தும் வேலையில் சேர்ந்தார். ஆராய்ச்சியாளர் ஏழாண்டில் ஊர் திரும்பினார். இவர் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து ஓய்வு பெறும் வரை உழைத்தார். ஞாயிறுதோறும் மலையேறிப் பறித்துக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் காட்டவுமில்லை.

“துரை இலையோட வடிவத்தப் பாத்துத்தான் அடுக்குவாரு. நான் சொன்னேன், இல காஞ்சா சுருங்கிரும், வடிவம் தப்பாப் போயிரும், அடியில உள்ள புள்ளி மட்டும் எடம் மாறாது, அத வச்சு அடுக்குவோம்னு. ரெண்டு நாளு என்கூடப் பேசல. மூணாம் நாளு, சரி, மாத்துன்னுட்டாரு. அம்புட்டுதான் அந்த முறை.”

அந்த ஆராய்ச்சியாளர் 1973இல் அச்சிட்ட பட்டியலின் முகப்புப் பக்கம் என் காக்கி உறைக்குள் இருந்தது. அதில் அடுக்குமுறைக்கு உரியவர் என ஒரு பெயர் மட்டும் இருந்தது: சவுந்தரம்.

“உங்க அப்பா பேர, ஊர எழுதலையா?”

“கேக்கவே இல்லையே. சம்பளச் சீட்டுலயும் சவுந்தரந்தான். ஒரே ஒரு கூலிக்காரி இருக்கறப்ப அவளுக்கு எதுக்கு ரெண்டு பேரு?”

நான் நேர்ந்ததை விளங்கிக்கொண்டேன். 1998இல், உறையை மேசைமேல் கொட்டியபோது, இரண்டு துண்டுகள் அருகருகே விழுந்தன. ஒன்று அந்தப் பட்டியல். மற்றொன்று, பாடகர் குழுத் தலைவரின் முதலாண்டு நினைவு நாளில் ஒரு நாளேட்டில் வந்த கட்டுரை. அதில், அவர் இயற்கையை மிகவும் நேசித்தவர் என்று ஒரு வரி. படித்தவர், ஆசிரியர், அதே காலத்தவர், அதே பெயர். சான்று இரண்டு, இரண்டும் அச்சில். பத்தாம் விதி நிறைவேறியது. தோட்டத்தில் பிறந்த ஒரு பெண் ஒரு வகைப்பாட்டை வகுத்திருக்கக்கூடும் என்னும் எண்ணம் அந்த உறைக்குள் இல்லை. என்னிடமும் இல்லை.

அவர் எழுந்து, பிளாஸ்டிக் கோப்பு ஒன்றிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். முறை தம்முடையது என்று 2005இல் அவர் எனக்கு எழுதிய கடிதம். சான்று இணைக்கப்படாத கடிதங்களை உரியவருக்கே திருப்பியனுப்புவது எங்கள் வழக்கம். அனுப்பும் முன் என் கை தன் பழக்கத்தைச் செய்திருந்தது: இரண்டு இடங்களில் விடுபட்ட ஒற்றுகளைச் சிவப்பு மையால் இட்டிருந்தேன்.

“சரியாத்தான் போட்டிருந்தீங்க,” என்றார். “அப்புறம் நான் அந்த ரெண்டு எடத்துலயும் தப்பே விடுறதில்ல.”

அத்தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

பின்பு ஒன்பதாம் பெட்டியைத் திறந்தார். பழைய தமிழ் நாளேட்டுத் தாள்கள், மடித்து மடித்து அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு மடிப்பினுள்ளும் ஒரு பெரணி, தட்டையாக, பழுப்பாக. ஒவ்வொன்றுடனும் விரல் நீளச் சீட்டு. அதில் பென்சிலால் நாள், இடம், உயரம், புள்ளிகளின் அமைவு. எழுத்து சிறியது, அடித்தல் இல்லை. நான் ஒரு மடிப்பின் நாளேட்டுத் தேதியைப் பார்த்தேன். 1991, ஆகஸ்டு. செபாஸ்டியன் சவுந்தரம் இறந்து நான்காண்டு ஆகியிருந்தது.

அங்கேயே முடிந்திருக்க வேண்டிய செய்தி அது. ஆனால் அச்சிட்ட தேதியிலும் பிழை நேரலாம். தாளின் தேதியை யாரும் சரிபார்க்கவில்லை.

“இந்த ஒரு மடிப்ப எடுத்துட்டுப் போகலாமா? நூலகத்துல அன்னைக்கு வந்த பத்திரிகையோட ஒப்பிட்டுப் பாக்கணும்.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “நான் பத்திரிகைய அச்சடிச்சிருப்பேனோன்னு பாக்கறீங்களா?”

“முறைன்னு ஒன்னு இருக்கு.”

“எடுத்துட்டுப் போங்க. ஆனா சீட்டு இங்கயே கெடக்கும். இலைய வெளிய குடுத்தா சீட்ட அந்த எடத்துல வச்சிருவேன், எது போயிருக்குன்னு தெரியறதுக்கு. திரும்பி வந்தா ரெண்டையும் சேத்துருவேன். சீட்டு இல்லன்னா அது இல இல்ல சார், சருகு.”

வாசலில் கேட்டார்: “பெட்டிய எடுத்துக்குவாங்கல்ல? பாகான் டாலாம்ல சாந்தினி வீட்டுக்குத்தான் போறேன், என் தங்கச்சி மக. அவ வீட்டுல எனக்கே ஒரு கட்டில் போடத்தான் எடம் இருக்கு. என் பேரு வேணாம், அந்தப் பாட்டு வாத்தியார் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும். பெட்டி மட்டும் பூசணம் பிடிக்காத எடத்துல இருக்கணும்.”

எடுத்துக்கொள்வார்கள் என்றேன்.

நூலகத்தில் நான்கு நாள் செலவிட்டேன். தைத்துக் கட்டிய பழைய நாளேட்டுத் தொகுதியில் அந்தத் தாளின் இணை கிடைத்தது. தேதி, தலைப்பு, ஒரு சேலைக்கடையின் விளம்பரம் வரை யாவும் பொருந்தின. அதன் பின்னரே பேட்ரிக்கைப் பார்க்கப் போனேன். செபாஸ்டியன் சவுந்தரத்தின் ஒரே மகன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராயிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வழக்கமான காப்பிக்கடையில் எனக்கு முன்பே வந்து அமர்ந்திருந்தார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் அதிர்ச்சியடையவில்லை, சிரித்தார்.

“மாஸ்டர், எங்கப்பாவுக்குப் பெரணின்னா பூச்சோக் பாக்கு, அந்தக் கீரதான். சம்பல் போட்டுத் தட்டுல வந்தா அடையாளம் தெரியும். மலைக்கு ஒரு தடவ போனாரு, ட்ரெயின்ல தலை சுத்தி வாந்தி.”

“அப்ப ஏன் 2004லயே சொல்லல?”

“நீங்க எழுதினீங்க. பெரிய புக்கு. அதுல இருந்தா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சோம். நமக்குத் தெரியாம அப்பா எதோ பண்ணியிருக்காருன்னு அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் எங்கடா போனாருன்னு இப்பதான் புரியுதுன்னாங்க.” அவர் கரண்டியால் காப்பியைக் கலக்கினார். “அவரு எங்க போனாருன்னு எனக்குத் தெரியும். அத அம்மாகிட்ட சொல்ல முடியுமா? உங்க புக்கு எனக்கு ரொம்ப ஒத்தாச பண்ணிருச்சு.”

“திருத்தியாகணும், பேட்ரிக்.”

“திருத்துங்க. நான் வேணாம்னு சொல்லலையே. அம்மாவுக்குத் தொண்ணூத்தொன்னு ஆச்சு, ரூம் தெறக்கறப்ப ரிப்பன் வெட்டப் போறாங்க. என் மக வனேசா, தாத்தா மாதிரின்னு போட்டனி படிக்கிறா. மூணாவது வருஷம். அதெல்லாம் இருக்கட்டும். அப்பா பொய் சொன்னாருன்னு மட்டும் எழுதிராதீங்க. அவரு ஒன்னுமே சொல்லல. சொன்னது நீங்க.”

காப்பிக்கு அவரே கொடுத்தார்.

அச்சுச் சான்று தேடினேன். அந்த 1973 பட்டியல் நீங்கலாக, சவுந்தரம் முறையைப் பற்றிப் பேசும் அச்சு நூல்களும் கட்டுரைகளும் ஆறு கிடைத்தன: ஒரு முதுகலை ஆய்வேடு, இரண்டு விழா மலர்கள், கல்லூரிப் பாடநூல், நகர வழிகாட்டி, ஒரு நாளேட்டுக் கட்டுரை. ஆறும் முறையை வகுத்தவர் செபாஸ்டியன் சவுந்தரம் என்றே கூறின. ஆறும் 2004க்குப் பிற்பட்டவை. களஞ்சியத்தில் அவர் பிறந்த மாதம் அச்சுப்பிழையால் மாறியிருந்தது. அந்தப் பிழை ஆறிலும் அப்படியே இருந்தது. பொய்க்கு ஆறு சான்று. ஆறுக்கும் மூலம் நான். உண்மைக்குச் சான்று, ஆறாம் வகுப்புப் படித்த ஒருவரின் பென்சில் எழுத்து. பத்தாம் விதியின்படி கையெழுத்து சான்றாகாது.

கடிதத்தை மூன்று நாள் எழுதினேன். முதல் வரைவின் முதல் வாக்கியம் ‘நான் தவறு செய்தேன்’ என்பது. சான்றுக் கடிதத்தில் தன்னிலை விளக்கத்துக்கு இடமில்லை என்று அதை நீக்கினேன். இறுதி வடிவம் மூன்று கூறுகளாக அமைந்தது. இத்தொகுப்பு செபாஸ்டியன் சவுந்தரத்தினுடையது என்பதற்குச் சான்று இல்லை. இதனை வைத்திருக்கும் அம்மையாரே சவுந்தரம் முறையை வகுத்தவர் என்பதற்கு அச்சேறிய சான்று இதுகாறும் கிட்டவில்லை. களஞ்சியத்தின் ஆறாம் எண் பதிவு மறு ஆய்வுக்கு உரியது.

மூன்றும் உண்மை. ஒரு சொல்லை மாற்ற இடமில்லை. ஏப்ரல் இருபத்திரண்டில் அனுப்பினேன். மன நிறைவோடு உறங்கினேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இருபத்தைந்தாம் நாள் தனுஜா அழைத்தார். குரலில் நன்றியுணர்வே இருந்தது.

“லெட்டர் ரொம்ப க்ளியரா இருக்கு சார். மேனேஜ்மென்ட் படிச்சுட்டு, யாரோடதுன்னு நிச்சயமில்லாத பொருள நாம எடுக்க வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க.”

“நான் அப்படிச் சொல்லலையே.”

“இவரோடதும் இல்ல, அவங்களோடதுன்னும் சொல்ல முடியாதுன்னு எழுதியிருக்கீங்களே சார்.”

“அப்ப அறையின் பேரு?”

“அது இருக்கட்டும்னுட்டாங்க. இன்விடேஷன் அடிச்சாச்சு. மறு ஆய்வு எப்ப முடியுதோ அப்ப பாத்துக்கலாமாம். பேட்ரிக் அங்கிள் அப்பாவோட ஹார்மோனியத்தத் தர்றாரு, அலமாரி வெறுமனே இருக்காது. அந்த அம்மாவுக்கும் உங்க லெட்டர் காப்பி அனுப்பிட்டேன், அவங்க தப்பா நெனச்சுக்கக் கூடாதுல்ல.”

அன்றே இரண்டாம் கடிதம் எழுதினேன். இரண்டு வரி. ‘களஞ்சியத்தில் நான் தவறு செய்தேன். சவுந்தரம் முறையை வகுத்தவரும் பதினான்கு பெட்டிகளுக்கு உரியவரும் ஆயர் ஈத்தாம் சவுந்தரம் அம்மையாரே.’ ஆனால் சங்க முத்திரை இல்லாத கடிதம் செல்லாது. இதுவும் நான் வகுத்த நடைமுறை. முத்திரையைப் பூட்டி வைத்திருந்த செயலாளர் ஈப்போவில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தார். ஏப்ரல் முப்பது காலையில்தான் திரும்பினார். முத்திரையிட்ட கடிதத்தை முதலில் சவுந்தரம் அம்மையாரிடம் காட்டிவிட்டு, அங்கிருந்து கல்லூரிக்குப் போவதென்று ஆயர் ஈத்தாமுக்குப் புறப்பட்டேன்.

பேருந்திலிருந்து இறங்கும்போதே ஒலிபெருக்கி கேட்டது. ‘சூராட் காபார் லாமா, சூராட் காபார் லாமா’ என்று பழைய செய்தித்தாள் கேட்டுத் தெருத் தெருவாகப் போகும் லாரி. என்னைக் கடந்து பிரதான சாலையில் திரும்பியது. பின்புறம் ஒரு துருப்பிடித்த மின்விசிறி, கட்டுக் கட்டாகத் தாள், அட்டைப்பெட்டிகள். பால்மாவுப் பெட்டிகள் எல்லா வீட்டிலும் உண்டு. நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அவர் கீழ்த்தளத்தில், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், ஒரு துணிப்பையுடன் நின்றிருந்தார். சாந்தினியின் காருக்காகக் காத்திருந்தார்.

“வந்துட்டீங்களா? இப்பதான் போறான்.”

“அந்த லாரியா?” நான் சாலையை நோக்கி நாலடி ஓடினேன். எழுபது வயதில் நாலடிக்கு மேல் ஓட முடியாது.

“விடுங்க சார். சீன ஆளு, நல்ல மனுஷன். பேப்பருக்குள்ள இல இருக்குன்னு ஒழுங்காச் சொன்னேன். பரவால்ல அக்கா, எலையும் பேப்பரும் ஒன்னுதான், அரைச்சாக் கூழுன்னான்.”

“நான் வேற கடிதம் கொண்டுவந்திருக்கேன்.”

வாங்கிப் படித்தார். இரண்டு வரிதான், நெடுநேரம் எடுத்துக்கொண்டார். பின்பு மடித்துத் திருப்பித் தந்தார்.

“மொதல் கடிதாசியும் படிச்சேன். ரொம்பச் சுத்தமான தமிழ். ஒரு பிழ இல்ல. இந்த வரி அதுல எங்க இருக்குன்னு நாலு தடவ தேடினேன். எனக்குக் கண்ணு சரியில்ல போலன்னு நெனச்சேன்.”

“ஒரு வாரம் பொறுத்திருக்கலாமே, அம்மா.”

“பத்தொம்பது வருஷம் பொறுத்தேனே,” என்றார். குரலை உயர்த்தவில்லை. “சாவிய இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும். உங்களுக்கு ஒரு விதின்னா வீட்டுக்காரனுக்கு ஒரு விதி.”

கார் வந்தது. முன்கதவைத் திறந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். கையசைக்கவில்லை, அதற்கு அவருக்குக் காரணமும் இல்லை.

லாரிக்காரரைத் தேடி இரண்டு நாள் அலைந்தேன். பாயா தெருபோங்கில் ஒரு கிடங்கைக் காட்டினார்கள். முப்பதாம் தேதிச் சரக்கு அன்று மாலையே ஆலைக்குப் போய்விட்டதாம்.

கடிதத்தைக் கல்லூரியில் கொடுத்தேன். பெட்டிகள் எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றேன். இல்லாத தொகுப்புக்கு உரியவர் யார் என்னும் கேள்வி எழவில்லை என்று பணிவாக விளக்கினார்கள். மே பதினெட்டில் அறை திறக்கப்பட்டது. தொண்ணூற்றொரு வயது மூதாட்டி ரிப்பன் வெட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். வனேசா என்னிடம் வந்து, தாத்தாவைப் பற்றி இன்னும் ஏதாவது கிடைத்ததா என்று கேட்டாள். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். பேட்ரிக் அப்போது ஹார்மோனியத்தின் தூசியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்; நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டாம் பதிப்புக்கான பதிவைப் புதிதாக எழுதினேன். ஆறாம் எண்ணின் கடைசி வரியை நீக்கி, ஏழாம் எண்ணாகச் சவுந்தரம் அம்மையாரைச் சேர்த்துப் பதிப்புக் குழுவுக்கு அனுப்பினேன். ஒரு வாரத்தில் பதிவு திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையால், ‘விதி பத்து. அச்சு சான்று இரண்டு தேவை’ என்றிருந்தது. அக்குறிப்பிலும் ஓர் ஒற்று விடுபட்டிருந்தது. நான் அதை இடவில்லை.

சூன் மாதம், ஒரு ஞாயிறு காலை, படகேறிப் பாகான் டாலாமுக்குப் போனேன். சாந்தினியின் வீடு ஒரு குறுகிய தெருவில் இருந்தது. தெருமுனைப் பலகையைப் பார்த்து நின்றேன். சவுந்தரம் சந்து. களஞ்சியத்தில் முதலாம் எண். நூறாண்டுக்கு முன் அங்கே நிலம் வைத்திருந்த ஒருவரின் பெயர்.

அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நான் பலகையைப் பார்த்ததைக் கண்டிருக்க வேண்டும்.

“வந்த நாள்லேருந்து எல்லாரும் கேக்கறாங்க. பாட்டி, இது உங்க பேர்ல வச்ச சந்தான்னு. ஆமான்னுட்டேன்.” ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டார். “ஒருத்தரும் சான்று கேக்கல சார்.”

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் குழுவோடு வாதாடப் போவதாகவும், அவர் எழுத்தில் ஒரு வாக்குமூலம் தந்தால் உதவும் என்றும் சொன்னேன்.

“வேணாம். என்ன அதுல போடாதீங்க.”

“உங்க முறை, அம்மா.”

“பெட்டி இருந்தா முறை. இப்ப அது கத. கதைய நீங்களே வச்சுக்குங்க, இல்ல அந்தப் பாட்டு வாத்தியாருக்கே குடுத்துருங்க. அவரு ஒன்னும் எனக்குக் கெடுதல் பண்ணல.”

சாந்தினி உள்ளிருந்து காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நான் பையிலிருந்து காக்கி உறையை எடுத்தேன். அதற்குள், 1991 ஆகஸ்டு மாதத்து நாளேட்டுத் தாளில், நூலகத்தில் ஒப்பிட நான் வாங்கிச் சென்ற அந்த ஒரே பெரணி. பதினான்கு பெட்டியில் எஞ்சியது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். தாளைப் பிரித்து, இலையைத் திருப்பி, அடியிலிருந்த புள்ளிகளை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். உதடுகள் அசைந்தன, எண்ணினார் என்று நினைக்கிறேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல இயலாது, காப்பி ஆறிப்போயிற்று. பின்பு தாளைப் பழைய மடிப்பின்படியே மடித்து, என் மடியில் வைத்தார்.

“எந்த எடத்துல பறிச்சது, எத்தன அடி உயரம், எந்த நாளு, ஒன்னும் ஞாபகம் வரல. எல்லாம் சீட்டுல இருந்துச்சு. சீட்டு ஒம்பதாவது பெட்டியில இருந்துச்சு.”

“இருந்தாலும் இது உங்களுடையது. வச்சுக்குங்க.”

“சீட்டு இல்லாத இலைய நான் வாங்கறதில்ல, சார்,” என்றார், மீண்டும் பட்டாணியை எடுத்தபடி. “அது என்னோட விதி.”

அதை உறைக்குள் வைத்துக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தேன்.